240 வோல்ட் ஹாட் டப்பில் 120 வோல்ட் எலிமென்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹீட்டர் ஓடும்போது பிரேக்கர் ட்ரிப் ஆகவில்லை, தண்ணீர் சூடாகி ஹீட்டர் நின்ற பிறகுதான் ட்ரிப் ஆனது. இந்த ஹாட் டப்பை, அதாவது வெந்நீரில் உட்காரும் தொட்டியைப் பற்றி உரிமையாளர் என்னிடம் சொன்ன முதல் தகவல் இதுதான். விசாரணை முழுவதையும் சரியான பக்கம் திருப்பிவிட்டதும் இதே தகவல்தான். எலிமென்டிலிருந்து, அதாவது ஹீட்டருக்குள் சூடாகும் பாகத்திலிருந்து, மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்றால் ஹீட்டர் ஆன் ஆனதும் ட்ரிப் ஆகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே தலைகீழாக நடந்தது.

முதலில் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். சுமார் 1200 லிட்டர் கொள்ளளவு, 240 வோல்ட் சப்ளை. அந்த 240 வோல்ட் இரண்டு லைவ் கம்பிகள் வழியாக வருவது, அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் 120 வோல்ட், இரண்டு கம்பிகளுக்கும் இடையில் 240. பெயர்ப்பலகையில் ஹீட்டர் 4 கிலோவாட் என்று இருந்தது. 8 கேஜ் செம்புக் கம்பி, 40 ஆம்ப் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர். இந்த வகை பிரேக்கர் ஓவர்லோடுக்கு மட்டும் இல்லாமல், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சுமார் 5 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டாலும் விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பில் விழும் ஆர்.சி.டி. பல நாடுகளில் இதே வேலையைச் செய்கிறது. தொட்டி உரிமையாளர் கைக்கு வந்தது பழையதாக. அதற்கு முன்பே யாரோ எலிமென்டை மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பார்ட் போட்டார்கள் என்பதற்கு பில் இல்லை, குறிப்பும் இல்லை.

புகார் ஒரே நாளில் வந்ததல்ல. ஆரம்பத்தில் திரையில் அடிக்கடி ஃப்ளோ எரர் காட்டியிருக்கிறது, அதாவது ஹீட்டர் குழாய் வழியாகத் தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லை என்ற எச்சரிக்கை. ஃபில்டரைக் கழுவியிருக்கிறார்கள், அப்புறம் புது ஃபில்டர் போட்டிருக்கிறார்கள், பம்ப்பில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கழுவிய கையோடு சில நாள் சரியாக ஓடும், மறுபடியும் அதே எரர். ஹீட்டர் குழாயிலிருந்து தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருவது போன்ற ஒரு சன்னமான இரைச்சல் வேறு. கடைசியில்தான் இந்த ட்ரிப். இத்தனைக்கும் நடுவில் உரிமையாளருக்கு ஒரு விஷயத்தில் திருப்தி இருந்தது: "தண்ணி மட்டும் சீக்கிரமே சூடாயிடும், அதுல ஒரு குறையும் இல்லை."

அந்த வாக்கியத்தைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். 4 கிலோவாட் ஹீட்டர் 1200 லிட்டரை எவ்வளவு வேகத்தில் சூடாக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோவாட்-மணி மின்சாரம் சுமார் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றும். அப்படியானால் 4 கிலோவாட்டுக்கு மணிக்கு சுமார் 2.9 டிகிரி, அதுவும் மூடியிலும் சுவரிலும் போகும் இழப்பைக் கழிக்காமல். உரிமையாளர் சொன்ன வேகம் மணிக்கு 4 டிகிரியை ஒட்டி இருந்தது. நல்ல மூடியைப் போட்டால் இழப்பு குறையும், சரி, ஆனால் ஹீட்டர் போடும் வெப்பத்தைத் தாண்டி தண்ணீர் சூடாக வழியே இல்லை. ஆக, எங்கேயோ 4 கிலோவாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

மீட்டரில் கிடைத்தது

தொட்டிக்குள் யாரும் இறங்காமல் பார்த்துக்கொண்டு ஹீட்டரை ஓடவிட்டு, கன்ட்ரோல் பெட்டிக்குள் ஹீட்டருக்குப் போகும் ஒரே ஒரு கம்பியைச் சுற்றி, கம்பியைக் கழற்றாமலே ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 24.6 ஆம்ப். டெர்மினல்களுக்கு நடுவே 238 வோல்ட். 4 கிலோவாட் ஹீட்டருக்கு 16.7 ஆம்ப்தான் இருக்கவேண்டும். 238-ஐ 24.6-ஆல் பெருக்கினால் 5850 வாட் வருகிறது.

மெயினை அணைத்து, இரண்டு லைவ் கம்பிகளிலும் எர்த்துக்கு எதிராகவும் ஒன்றுக்கொன்று எதிராகவும் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எலிமென்டின் இரண்டு இணைப்புகளையும் கழற்றினேன். பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோல் போர்டோடு சேர்த்து ஓம் பார்த்தால் போர்டில் உள்ள மற்ற பாதைகளும் கணக்கில் வந்து எண் பொய் சொல்லும், அதனால் இரண்டையும் கழற்றுவது கட்டாயம். மீட்டரின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டபோது 0.2 ஓம் காட்டியது. இது மீட்டர் கம்பிகளின் சொந்த ரெசிஸ்டன்ஸ். பத்து ஓம் அளவில் இருக்கும் பொருளை அளக்கும்போது இதைக் கழிக்கத்தான் வேண்டும். கழித்தபிறகு எலிமென்ட் 9.7 ஓம். 4 கிலோவாட், 240 வோல்ட் எலிமென்டாக இருந்தால் 14.4 ஓம் இருக்கவேண்டும்.

டெர்மினலைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருந்த களிம்பைத் துடைத்தால் உலோகத்தில் குத்திய எழுத்துகள் மெல்லத் தெரிந்தன: 120 வோல்ட், 1500 வாட். டெர்மினலில் மாட்டியிருந்த ரிங் லக்கின், அதாவது கம்பி முனையில் அழுத்தியிருக்கும் உலோக வளையத்தின் இன்சுலேஷன் ஓரத்தில் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது.

120 வோல்ட் பார்ட்டில் 240 கொடுத்தால் வாட் இரண்டு மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எலிமென்ட் என்பது வெறும் ரெசிஸ்டன்ஸ். அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் வாட்டும் அந்த ரெசிஸ்டன்ஸைச் சொல்லும் ஒரு வழி, அவ்வளவுதான். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும்: 120 பெருக்கல் 120, வகுத்தல் 1500, ஆக 9.6 ஓம். இனி அந்த 9.6 ஓம்தான் எலிமென்ட். அதற்கு 240 கொடுத்தால் மின்னோட்டம் 12.5 ஆம்பிலிருந்து 25 ஆம்பாக இரட்டிக்கும், வோல்ட்டும் இரட்டித்திருப்பதால் வாட் நாலு மடங்காகி 6000-இல் நிற்கும். சூடானால் ரெசிஸ்டன்ஸ் மாறாதா என்று கேட்கலாம். மாறும், ஆனால் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி இதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது, சூடேறினாலும் அதன் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் நகரும். அதனால்தான் குளிர்ந்த நிலையில் அளந்த ஓமை வைத்துக் கணக்குப் போட்டதும், ஓடும்போது கிளாம்ப் மீட்டர் காட்டியதும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தின.

6 கிலோவாட் போயும் ஏன் எதுவும் உடனே எரியவில்லை?

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான், ஏனென்றால் "போட்டேன், வேலை செய்யுது, அப்போ சரிதானே" என்ற முடிவுக்கு ஆட்கள் வருவது இங்கேதான்.

பிரேக்கர் 40 ஆம்ப். ஹீட்டர் 24.6, பம்ப் முழு வேகத்தில் சுமார் 9.5, மற்ற சில்லறைகளைச் சேர்த்தாலும் 35-ஐத் தாண்டவில்லை. பிரேக்கருக்கு அது பிரச்சினையே இல்லை, அதன் வேலை சுவருக்குள் போகும் கம்பியைக் காப்பாற்றுவது. ஹீட்டருக்கு என்ன ஆகிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடுக்கு பிரேக்கர் அளவில் 80 சதவீதம் வரைதான் போகலாம் என்பது வட அமெரிக்க விதிமுறைகளில் உள்ள வழக்கம். 40 ஆம்புக்கு அது 32 ஆம்ப். இந்தத் தொட்டி அந்தக் கோட்டுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கரின் முகப்பைத் தொட்டாலே சூடு தெரிந்தது.

போர்டில் ஹீட்டருக்கு அதிகபட்சம் 5.5 கிலோவாட் என்று ஸ்டிக்கர் இருந்தது. அதற்குச் சற்றுமேல்தான் போயிருக்கிறது, உடனே கருகும் அளவுக்கு இல்லை. போர்டிலிருந்து ஹீட்டரை ஆன் ஆஃப் செய்யும் மின் சுவிட்சான ரிலேயின் மேல் 30 ஆம்ப் என்று அச்சிட்டிருந்தாலும் அந்த எண் காற்றோட்டமான இடத்தில் சொல்லப்படுவது. ஈரமும் வெப்பமும் அடைந்த பெட்டிக்குள், பக்கத்திலேயே ஹீட்டர் குழாய் இருக்க, 25 ஆம்பை ஒரு நாளைக்குப் பலமுறை ஆன் ஆஃப் செய்துகொண்டிருந்தால் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

உண்மையான அடி எலிமென்டுக்குத்தான் விழுந்தது. அதன் அமைப்பு எளிது: நடுவில் நிக்ரோம் காயில், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே இன்கோலாய் என்ற நிக்கல் கலப்பு உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம் உறை. பொடி மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அந்தக் கடத்தலுக்கு ஒரு விலை உண்டு. காயிலுக்கும் உறைக்கும் இடையில் உள்ள வெப்பநிலை வித்தியாசம், கடந்துபோகும் வாட்டுக்கு ஏற்ப ஏறும். வாட் நாலு மடங்கு என்றால் அந்த வித்தியாசமும் ஏறத்தாழ நாலு மடங்கு. வெளியே உறையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தண்ணீருக்குத் தரவேண்டிய வெப்பமும் நாலு மடங்கு. 1.5 கிலோவாட்டுக்குப் போதும் என்று செய்த எலிமென்டில் உறையின் நீளம் குறைவாகத்தான் இருக்கும். இங்கே கழற்றியதில் சுற்றுகள் குறைவாக இருந்தது கண்ணுக்கே தெரிந்தது. உறையை ஒட்டிய தண்ணீர் அங்கங்கே ஆவியாகி, குமிழி உடைந்து, மறுபடி ஆவியாகி... அந்த இரைச்சல் இதிலிருந்துதான். இப்படிக் கொதிக்கும் இடத்தில்தான் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு முதலில் படியும். தீயைக் கூட்டி வைத்த பாத்திரத்தில் அடிப்பிடிப்பது போல, படிந்த இடத்தில் வெப்பம் வெளியேறாமல் உறை இன்னும் சூடாகி, இன்னும் படியும். கழற்றியபோது உறையின் நடுப்பகுதியில் சாம்பல் வெள்ளையாக ஒரு ஓடு, அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல்.

இப்போது அந்த ஃப்ளோ எரருக்கு வருவோம். இந்தப் போர்டில் தனியாக ஃப்ளோ ஸ்விட்ச் கிடையாது. ஹீட்டர் குழாயின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வெப்ப சென்சார் வைத்து, உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஓட்டம் போதுமா என்று ஊகிக்கிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால் 4 கிலோவாட்டில் வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை, 6 கிலோவாட்டில் 1.4. ஃபில்டர் அழுக்கேறி ஓட்டம் 20 லிட்டருக்கு இறங்கினால் 4 கிலோவாட்டில் 2.9 டிகிரி, 6 கிலோவாட்டில் 4.3. போர்டின் பார்வையில் எலிமென்ட் 4 கிலோவாட்தான், அதனால் கூடுதல் வித்தியாசம் வந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது என்றுதான் அது புரிந்துகொள்ளும். பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஃபில்டரில் இருந்த சாதாரண அழுக்கு, சரியான எலிமென்ட் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டாத அழுக்கு, இங்கே எரராக வந்தது. ஃபில்டரை மாற்றினால் சில நாள் சரியானதற்கும் இதுதான் காரணம். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ஃப்ளோ எரர் திரும்பத் திரும்ப வந்தால், பம்ப்பை மாற்றச் செலவு செய்வதற்கு முன் ஹீட்டரின் ஆம்ப்பை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

நின்ற பிறகு ஏன் ட்ரிப்?

கழற்றி வைத்த எலிமென்டில் டெர்மினலுக்கும் உறைக்கும் இடையில் 20 கிலோ ஓமுக்குக் கீழே காட்டியது. நல்ல எலிமென்டில் 500 வோல்ட் மெக்கர், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர், வைத்துப் பார்த்தால் மெகா ஓம் கணக்கில் இருக்கவேண்டும். விரிசல் வழியே ஈரம் மெக்னீசியம் ஆக்சைடுக்குள் போயிருக்கிறது, அந்தப் பொடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது. 120 வோல்ட்டை 20 கிலோ ஓமால் வகுத்தால் 6 மில்லி ஆம்ப், ஜி.எஃப்.சி.ஐ. விழப் போதுமான கசிவு.

அப்படியானால் ஓடும்போதே விழுந்திருக்க வேண்டுமே? விழாததற்கு இரண்டு காரணம். ஒன்று, சூடாக இருக்கும்போது பொடியிலிருக்கும் ஈரம் ஓரளவு விரட்டப்படுகிறது, ஆறியதும் மறுபடி உள்ளே வருகிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது, இந்த விஷயத்தில் அதுதான் பெரிய காரணம். விரிசல் இருந்தது எலிமென்டின் ஏறக்குறைய நடுவில். இரண்டு லைவ் கம்பிகளும் எர்த்தைப் பொறுத்து எதிரெதிராக 120 வோல்ட்டில் இருக்கும்போது, எலிமென்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வோல்ட் படிப்படியாக இறங்கி, சரியாக நடுவில் எர்த்தோடு ஒப்பிட்டால் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால் கசிய என்ன இருக்கிறது? ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது ஓட்டை இருந்தும் கசிவு இல்லாமல் போனது இதனால்.

ஹீட்டர் நின்றதும் என்ன நடக்கவேண்டும்? போர்டில் இரண்டு ரிலேக்கள், ஒவ்வொரு லைவ் கம்பிக்கும் ஒன்று. இரண்டும் திறந்துகொண்டால் எலிமென்ட் இரண்டு பக்கமும் துண்டிக்கப்பட்டு எங்கும் மின்சாரம் இருக்காது. ஆனால் இங்கே ஒரு ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிப்போயிருந்தது. அளவுக்கு மீறிய ஆம்ப்பை மாற்றி மாற்றி ஆன் ஆஃப் செய்ததில் காண்டாக்ட் முனை உருகிப் பற்றிக்கொண்டுவிட்டது. மற்ற ரிலே ஒழுங்காகத் திறந்தது, அதனால் ஹீட்டர் நின்றது, திரையில் எந்த எரரும் இல்லை. ஆனால் ஒட்டிய ரிலே பக்கமிருந்து எலிமென்டின் முழு நீளமும் 120 வோல்ட்டில் நின்றது, நடுவில் இருந்த விரிசலும் சேர்த்து. அந்த நேரம்தான் கசிவு முழுதாக எழுந்து ஜி.எஃப்.சி.ஐ. விழுந்தது. ஒரே லைவ் கம்பியும் நியூட்ரலும் வரும் 230 வோல்ட் அமைப்பில் இந்த நடுப்புள்ளி விஷயம் வேறு மாதிரி இருக்கும், அங்கே பூஜ்யம் இருப்பது நியூட்ரல் முனையில், அதனால் நியூட்ரல் முனைக்கு அருகில் விழும் விரிசல்தான் ஓடும்போது ஒளிந்துகொள்ளும்.

இதில் கவலைக்குரிய இடம் எது என்று கேட்டால் அந்த ரிலேயைத்தான் சொல்வேன். இரண்டாவது ரிலேயும் ஒட்டியிருந்தால், தெர்மோஸ்டாட் "போதும்" என்று சொன்ன பிறகும் 6 கிலோவாட் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். குடியிருப்பு ஹாட் டப்களுக்கு உச்ச வரம்பு பொதுவாக 40 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போகாமல் தடுக்க ஹை லிமிட் என்ற தனிப் பாதுகாப்பு இருக்கிறது, அது பல போர்டுகளில் 48 டிகிரி அளவில் ஹீட்டரை வெட்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பும் வெட்டுவதற்கு ஒரு ரிலேயைத்தான் நம்பியிருக்கிறது.

மாற்றுப் பார்ட்: எது பொருந்தும், எது பொருந்துவது போலத் தெரியும்

குழாயின் நீளம், இரண்டு டெர்மினல்களுக்கு இடையிலுள்ள தூரம், இவை பொருந்தும் பார்ட்கள் சில கிடைத்தன. அப்போது வந்த கேள்விகள்தான் பொதுவாகவே இந்த விஷயத்தில் வரும் கேள்விகள்.

240 வோல்ட், 5.5 கிலோவாட் ஒன்று சுலபமாகக் கிடைத்தது. 10.5 ஓம், 22.9 ஆம்ப். போர்டின் ஸ்டிக்கர் 5.5 வரை அனுமதிக்கிறது. ஆனால் பம்ப்போடு சேர்த்தால் மறுபடியும் 32 ஆம்பைத் தாண்டும். 50 ஆம்ப் பிரேக்கரும் 6 கேஜ் கம்பியும் இருக்கும் இடத்தில் அது சரியான பார்ட், இங்கே இல்லை.

120 வோல்ட், 1 கிலோவாட் என்று எழுதிய இன்னொன்று. இதைப் பார்த்ததும் உரிமையாளர் ஒதுக்கப் பார்த்தார், நியாயம்தான், ஒரு 120 வோல்ட் பார்ட்டால்தானே இவ்வளவும் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 பெருக்கல் 120, வகுத்தல் 1000, 14.4 ஓம். பெயர்ப்பலகையில் இருக்கும் 4 கிலோவாட், 240 வோல்ட் எலிமென்டும் அதே 14.4 ஓம்! மீட்டரில் வைத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. இதனால்தான் இரண்டு வோல்டேஜிலும் ஓடக்கூடிய தொட்டிகளில் ஒரே எலிமென்டை வைத்துக்கொண்டு 120-இல் 1 கிலோவாட், 240-இல் 4 கிலோவாட் என்று எழுதுகிறார்கள், எலிமென்ட் மாறுவதில்லை, வோல்டேஜைத் தேர்வு செய்யும் ஜம்பர் இணைப்புக் கம்பிதான் மாறுகிறது. அப்படி இரண்டு எண்களும் சேர்த்து எழுதிய பார்ட் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் வெறும் 120 வோல்ட், 1 கிலோவாட் என்று மட்டும் எழுதிய பார்ட்டில், ஓம் பொருந்தினாலும், உறையின் பரப்பளவும் டெர்மினல் பின்னும் 8.3 ஆம்ப்பை, 1000 வாட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருக்கலாம். ஓம் சரி என்பது பாதி பதில்தான். மீதி பாதி, அந்த வாட்டை வெளியேற்ற உறைக்குப் போதிய தோல் இருக்கிறதா என்பது, அதை மல்டிமீட்டர் சொல்லாது, தயாரிப்பாளர் அச்சடித்த எண்தான் சொல்லும்.

கடைசியில் 120 வோல்ட்டில் 1 கிலோவாட், 240 வோல்ட்டில் 4 கிலோவாட் என்று இரண்டையும் அச்சடித்த பார்ட்டைத்தான் போட்டோம்.

எதிர்த்திசையில் மாற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "அதிக வோல்ட் எலிமென்டைக் குறைந்த வோல்ட்டில் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று ஒரு பேச்சு உலவுகிறது. எலிமென்டுக்கு ஒன்றும் ஆகாது, அது வாஸ்தவம். 240 வோல்ட், 4 கிலோவாட் எலிமென்ட் 120 வோல்ட்டில் 1 கிலோவாட்டாக, 8.3 ஆம்பில் நிம்மதியாக ஓடும். ஆனால் 5.5 கிலோவாட் எலிமென்டை அதே 120-இல் போட்டால் 1375 வாட், 11.5 ஆம்ப். பிளக் போட்டு ஓடும் தொட்டிகள் பலவும் 15 ஆம்ப் சர்க்யூட்டில் இருக்கின்றன, தொடர் லோடுக்கு அங்கே 12 ஆம்ப்தான் இடம். பம்ப் மெதுவான வேகத்தில் ஓடினாலும் அதற்கு மூன்று நாலு ஆம்ப் வேண்டும். பிளக் முனை கருகும் தொட்டிகளின் கதை பெரும்பாலும் இங்கே தொடங்குகிறது. ஆக, குறைத்துப் போடுவதிலும் கணக்கு பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, 1 கிலோவாட்டில் 1200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுவர 32 கிலோவாட்-மணி வேண்டும், இழப்பே இல்லை என்றாலும் 32 மணி நேரம். குளிர்காலத்தில் மூடியிட்ட தொட்டியே 500 வாட் இழந்துகொண்டிருந்தால் ஹீட்டரின் பாதி அதை ஈடுகட்டவே போய்விடும். மேலும் 120 வோல்ட் அமைப்பில் பம்ப்பை முழு வேகத்தில் போட்டால் போர்டு ஹீட்டரை அணைத்துவிடுவது வழக்கம், ஆம்ப் போதாது என்பதால். ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் தண்ணீர் ஆறும்.

நாடு விட்டு நாடு வரும் தொட்டிகளுக்கும் இதே கணக்குதான், வித்தியாசம் சிறியது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. 240 வோல்ட், 5.5 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 5.05 கிலோவாட் தரும், 208 வோல்ட் வரும் கட்டடத்தில் 4.1 தான். இவற்றால் ஆபத்து இல்லை, வேகம்தான் குறையும். மறுபக்கம், 230 வோல்ட், 3 கிலோவாட் எலிமென்டுக்கு 240 கிடைத்தால் 3.27 கிலோவாட், 13.6 ஆம்ப். 13 ஆம்ப் ஃபியூஸ் உள்ள பிளக்கில் அது வரம்பு மீறல். 120 வோல்ட் பார்ட்டை 230-இல் போட்டால் 3.7 மடங்கு, இங்கே பார்த்த கதைக்கு அதிக தூரமில்லை. ஹெர்ட்ஸ் 50 ஆனாலும் 60 ஆனாலும் எலிமென்டுக்குக் கவலை இல்லை, ஆனால் பம்ப் மோட்டாருக்கு உண்டு. 60-க்கான மோட்டார் 50-இல் மெதுவாகச் சுற்றும், ஓட்டம் குறையும், அப்புறம் அதே ஃப்ளோ எரர்.

பொருத்தியதும் அளந்ததும்

ஒட்டிய ரிலேயை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தோம். பக்கத்து ரிலேயும் அதே சுமையைத் தாங்கியதுதான், போர்டில் அந்த இடத்துச் செம்புத் தடமும் நிறம் மாறியிருந்தது. போர்டையே மாற்றினோம். ரிங் லக்குகளை வெட்டி எறிந்து, கருகாத செம்பு தெரியும்வரை கம்பியைப் பின்னுக்கு உரித்துப் புதிய லக் அழுத்தினோம்.

எலிமென்ட் டெர்மினலை முறுக்கும்போது கீழே இருக்கும் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கவேண்டும். இல்லாவிட்டால் பின் முழுவதும் சுழன்று உள்ளே இருக்கும் சீலும் காயிலோடு சேரும் இடமும் முறுகி, புது எலிமென்ட் போட்ட அன்றே கசியத் தொடங்கும். அதே நேரம் தளர்வாக விட்டாலும் அந்த இடம் சூடாகி லக் கருகும். ஹீட்டர் குழாயிலிருந்து போகும் பாண்டிங் கம்பி, அதாவது உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் எர்த்தோடு சமமாகக் கட்டிவைக்கும் தடித்த செம்புக் கம்பி, கழற்றியிருந்தால் மறக்காமல் மாட்டவேண்டும். உறை விரிசல் விட்டு மின்சாரம் வெளியே வரும் நாளில் தொட்டிக்குள் இருப்பவரைக் காப்பாற்றும் இரண்டு விஷயங்களில் அது ஒன்று, மற்றது ஜி.எஃப்.சி.ஐ. இந்த வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் எலிமென்டின் லேபிளைப் படித்துக் கணக்கிடுவது வரை செய்துகொண்டு, பெட்டியைத் திறப்பதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி. ஜி.எஃப்.சி.ஐ. தொல்லை தருகிறது என்று அதைக் கழற்றிவிட்டு சாதாரண பிரேக்கர் போடுவதை நான் எங்கே பார்த்தாலும் எதிர்த்தே பேசுவேன். இந்தத் தொட்டியில் ஒட்டிய ரிலேயைக் காட்டிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

புது எலிமென்ட் போடுவதற்கு முன் 14.5 ஓம், உறைக்கு எதிராக மெக்கரில் 100 மெகா ஓமுக்கு மேல். தயாரிப்பாளர்கள் வாட்டில் 5 சதவீதம் கூடுதல், 10 சதவீதம் குறைவு வரை விடுவது வழக்கம், அதனால் ஓம் கொஞ்சம் இப்படி அப்படி இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீர் நிரப்பி, குழாயில் காற்று இல்லை என்று பம்ப்பைச் சற்று ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் ஹீட்டருக்கு அனுமதி கொடுத்தோம். 238 வோல்ட்டில் 16.4 ஆம்ப், 3.9 கிலோவாட். இரண்டு சென்சார்களுக்கும் இடையில் ஒரு டிகிரிக்குள். இரைச்சல் இல்லை.

ஹீட்டரை அணைத்துவிட்டு, அணைந்த நிலையில் எலிமென்டின் இரண்டு டெர்மினல்களையும் தனித்தனியாக எர்த்துக்கு எதிராக அளந்தோம். இரண்டிலும் பூஜ்யம். ரிலே இரண்டும் திறக்கின்றன. எலிமென்ட் மாற்றும் யாரும் இந்தக் கடைசி அளவை எடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை, எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாயின் வெளிப்பக்கம் அழியாத மையில் 14.4 ஓம், 240 வோல்ட்டில் 16.7 ஆம்ப், பிரேக்கர் 40 என்று எழுதி வைத்திருக்கிறோம், அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் பில் தேட வேண்டியிருக்காது.